ஒரு லிட்டருக்கு ஒரு துண்டு

போலந்தின் தலைநகர் வார்சாவின் குடிநீரில் பெரும்பகுதியைத் தருவது விஸ்துலா ஆறு. ஆற்றின் நடுவே க்ரூபா காஷ்கா என்ற பழைய நீரேற்று நிலையம் நிற்கிறது. அங்கே எட்டு மட்டிகள் இரவு பகலாக வேலை பார்க்கின்றன. ஒவ்வொரு மட்டியின் ஓட்டிலும் ஓர் உணரி ஒட்டப்பட்டு, கணினியோடு இணைக்கப்பட்டிருக்கிறது. ஆற்றுநீர் நல்லதாக இருக்கும்வரை மட்டி தன் ஓட்டைத் திறந்து வைத்து, நீரை உள்ளிழுத்து, அதிலுள்ள நுண்ணுணவை வடிகட்டித் தின்றுகொண்டிருக்கும். ஒவ்வாத ஏதாவது கலந்து வந்தால் ஓட்டை இறுக மூடிக்கொள்ளும். ஒரே ஒரு மட்டி மூடினால் அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். பல மட்டிகள் ஒரே நேரத்தில் மூடினால் கணினி உடனே எச்சரிக்கை கொடுக்கும். பெரிய ஆய்வுக்கூடக் கருவிகள் அத்தனையும் வைத்திருக்கும் ஒரு நகரம், தன் குடிநீரின் காவலுக்கு இந்த மட்டிகளையும் நம்புகிறது.

அந்த நம்பிக்கைக்கு உறுதியான அறிவியல் காரணம் உண்டு. நஞ்சு ஒரு விலங்கைக் கொல்வதற்கு வெகு முன்பே அதன் நடத்தையை மாற்றிவிடுகிறது. மட்டி வாயை மூடிக்கொள்கிறது. நத்தை நகர மறுக்கிறது. புழு மண்ணுக்குள் புகத் தாமதிக்கிறது. மீன் அஞ்ச வேண்டிய இடத்தில் அஞ்சாமல் நிற்கிறது. பார்ப்பதற்கு எல்லாம் உயிரோடுதான் இருக்கும். ஆனால் வாழ்வதற்குத் தேவையான வேலையை அவை செய்வதில்லை.

உலகத்தில் மிக அதிகமாக வீசி எறியப்படும் குப்பைகளில் ஒன்றான சிகரெட் துண்டு, நீர்வாழ் உயிர்களுக்கு என்ன செய்கிறது என்று பார்க்கும்போது இந்த உண்மையை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. எத்தனை மீன் செத்தது என்ற கணக்கை மட்டும் வைத்து இந்தக் குப்பையை எடை போட்டால், பாதிப்பின் பெரும்பகுதி நம் கண்ணிலேயே படாது.

பஞ்சுக்குள் என்ன இருக்கிறது

புகைப்பவர்கள் அதைப் பஞ்சு என்பார்கள். புகைத்து முடித்த ஒரு பில்டரைப் பிளேடால் நீளவாக்கில் கீறிப் பிரித்தால், வெளிக் காகிதத்துக்குள் மஞ்சளும் பழுப்புமாகக் கறை ஏறிய மெல்லிய இழைகள் நெருக்கமாகக் கட்டப்பட்டிருக்கும். நெருப்பு இருந்த முனைப் பக்கம் கறை அடர்ந்தும், உதட்டுப் பக்கம் வெளிறியும் தெரியும். விரலால் இழுத்தால் இழைகள் பருத்திபோலப் பிரியும். பருத்தி அல்ல. செல்லுலோஸ் அசிட்டேட் என்ற பிளாஸ்டிக். மரக்கூழிலிருந்து எடுத்த செல்லுலோஸை வேதிமுறையில் மாற்றிச் செய்வது. ஒரு பில்டரில் இப்படி 12,000-க்கும் மேற்பட்ட இழைகள் இருக்கின்றன. செல்லுலோஸை எளிதாகத் தின்றுவிடும் நுண்ணுயிரிகளுக்கு இந்த மாற்றப்பட்ட வடிவம் சீக்கிரத்தில் செரிப்பதில்லை. ஆகவே ஒரு பில்டர் மண்ணிலோ நீரிலோ ஆண்டுக்கணக்கில் கிடக்கும். மெல்ல மெல்ல உடைந்து கண்ணுக்குத் தெரியாத இழைகளாகப் பரவும்.

உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 4.5 லட்சம் கோடி சிகரெட் துண்டுகள் தெருவிலும் மண்ணிலும் நீரிலும் எறியப்படுவதாக ஒரு மதிப்பீடு பரவலாகச் சொல்லப்படுகிறது. 1986-லிருந்து நடக்கும் சர்வதேசக் கடற்கரைத் தூய்மைப் பணியில் தன்னார்வலர்கள் பொறுக்கி எண்ணிய பொருள்களில், முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக முதலிடத்தில் இருந்தது சிகரெட் துண்டுதான். 2019-ஆம் ஆண்டுக் கணக்கில்தான் தின்பண்ட உறைகள் அதை இரண்டாம் இடத்துக்குத் தள்ளின.

கடற்கரையில் கிடக்கும் துண்டுகள் எல்லாம் கடற்கரையில் புகைக்கப்பட்டவை அல்ல. டீக்கடை வாசலிலும் பேருந்து நிறுத்தத்திலும் மிதித்து அணைக்கப்பட்ட துண்டு, மழை பெய்ததும் தெருவோர மழைநீர் வடிகாலுக்குள் இறங்கும். வீட்டுக் கழிவுநீருக்காவது சுத்திகரிப்பு நிலையம் உண்டு. மழைநீர் வடிகால் பெரும்பாலும் நேராக ஆற்றிலோ கடலிலோ போய்ச் சேரும். சென்னையில் அது கூவத்துக்கும் அடையாற்றுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் போகிறது.

நீரில் விழுந்த துண்டு தேநீர்ப் பையைப் போல வேலை செய்கிறது. புகையிலிருந்து பில்டர் பிடித்து வைத்ததெல்லாம், முனையில் எரியாமல் மிஞ்சிய புகையிலையில் இருப்பதெல்லாம் நீரில் இறங்கும். பெர்லின் நகரத் தெருக்களின் துண்டுகளை வைத்து 2014-ல் வெளியான ஓர் ஆய்வு, நீரில் ஊறிய துண்டிலிருந்து வெளியேறக்கூடிய நிகோட்டினில் பாதி முதல் 27 நிமிடங்களிலேயே வெளியேறிவிடுவதைக் காட்டியது. நீர்வாழ் உயிர்களுக்குத் தீங்கு வராது என்று கருதப்படும் எல்லையைத் தாண்டும் அளவுக்கு 1,000 லிட்டர் நீரை மாசாக்க ஒரே ஒரு துண்டு போதும் என்றும் அந்த ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். நிகோட்டினோடு ஈயம், காட்மியம், நிக்கல், துத்தநாகம் போன்ற உலோகங்களும் வருகின்றன. சிகரெட் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் உண்டு. அவற்றில் ஒரு பங்கு பஞ்சில் தங்கி, பிறகு நீருக்குப் போகிறது.

சாவை எண்ணும் கணக்கு

முதலில் செய்யப்பட்ட ஆய்வுகள் சாவையே எண்ணின. அமெரிக்காவில் கேத்லின் ரெஜிஸ்டர் 2000-ல் வெளியிட்ட ஓர் எளிய சோதனையில், டாப்னியா என்ற நீர்த்தெள்ளுகளைத் துண்டு ஊறிய நீரில் விட்டுப் பார்த்தார். எட்டு லிட்டருக்கு ஒரு துண்டு என்ற செறிவே இரண்டு நாளுக்குள் அவற்றைக் கொல்லப் போதுமானதாக இருந்தது. குளத்தில் பாசியைத் தின்று, மீன்குஞ்சுகளுக்கு இரையாகும் உயிரி அது. அது போனால் மேலே இருக்கும் எல்லோருக்கும் சோற்றில் குறை விழும்.

சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகக் குழு ஒன்று 2011-ல் மீன்களை வைத்துச் சோதித்தது. ஒன்று கடல்மீன், மற்றொன்று நன்னீர் மீன். முனையில் புகையிலை மிச்சமிருக்கும் துண்டு ஒரு லிட்டருக்கு ஒன்று என்ற அளவில் ஊறிய நீரில், நான்கு நாளுக்குள் இரண்டு இனங்களிலும் ஏறத்தாழப் பாதி மீன்கள் செத்தன. புகையிலையை உதறிவிட்டு வெறும் பஞ்சை மட்டும் ஊறவைத்தபோது, பாதி மீன்களைக் கொல்ல இன்னும் அதிகத் துண்டுகள் தேவைப்பட்டன. யாரும் புகைக்காத புதுப் பஞ்சுக்கு இன்னும் அதிகம். ஆக, பஞ்சுக்கென்று ஒரு நஞ்சு உண்டு; புகை அதைக் கூட்டுகிறது; புகையிலை மேலும் கூட்டுகிறது. பஞ்சே இல்லாத பீடித் துண்டும் இதனால் குற்றமற்றதாகிவிடாது. தெண்டு இலை மண்ணில் மக்கிப் போகலாம். அதற்குள் மிஞ்சிய புகையிலையின் நிகோட்டின் முதல் மழையிலேயே கரைந்து ஓடத் தொடங்கிவிடும்.

இந்த ஆய்வுகளின் மதிப்பு பெரியது. சிகரெட் துண்டு கண்ணுக்கு அசிங்கமான குப்பை மட்டுமல்ல, நஞ்சுள்ள கழிவு என்று ஒழுங்குமுறை அமைப்புகளிடம் எண்ணோடு சொல்ல முடிந்தது. ஆனால் பாதி விலங்குகள் சாகும் அளவு எது என்று கேட்கும் சோதனைக்கு ஒரு வரம்பு இருக்கிறது. சாகாத மறுபாதியைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. ஆற்றிலும் கடலிலும் நீரின் அளவு பெரியது, நஞ்சு நீர்த்துப்போகும். அங்கே பெரும்பாலான உயிர்கள் சந்திப்பது கொல்லும் அளவுக்குக் கீழே உள்ள நீரைத்தான். அந்த நீரில் அவை எப்படி நடந்துகொள்கின்றன என்பதே அடுத்து எழுந்த கேள்வி.

நரம்பின் வாசலில்

இதற்கு விடை தேட, புகையிலைச் செடி ஏன் நிகோட்டினைத் தயாரிக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். செடி அதைத் தன் வேரில் செய்து, தண்டு வழியாக இலைக்கு அனுப்புகிறது. இலையைப் பூச்சி கடித்தால் உற்பத்தியை இன்னும் கூட்டுகிறது. தன்னைத் தின்ன வருகிற பூச்சியின் நரம்பைத் தாக்குவதற்காகச் செடி கண்டுபிடித்த ஆயுதம் அது. தமிழ்நாட்டு விவசாயிகள் புகையிலையை ஊறவைத்த கரைசலை அசுவினிக்கும் மற்றப் பூச்சிகளுக்கும் தெளிப்பது இந்த ஆயுதத்தை வைத்துத்தான். இமிடாகுளோபிரிட் போன்ற இன்றைய பூச்சிக்கொல்லிகளும் நிகோட்டினை ஒத்த முறையிலேயே வேலை செய்கின்றன.

நரம்பு மற்றொரு நரம்போடும் தசையோடும் பேசுவதற்கு அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைப் பயன்படுத்துகிறது. அதை வாங்கிக்கொள்ளும் புரதம் எதிர்ப்பக்கம் காத்திருக்கும். அப்படி ஒரு வாங்கி இருக்கிறது என்ற கருத்தே நிகோட்டினால்தான் உருவானது. கேம்பிரிட்ஜ் உடலியலாளர் ஜான் நியூபோர்ட் லாங்லி, கோழியின் தசையில் நிகோட்டினை வைத்துப் பார்த்தார். தசைக்கு வரும் நரம்பை வெட்டி, அது சிதைந்த பிறகும் நிகோட்டின் பட்டதும் தசை சுருங்கியது. குராரே என்ற நஞ்சைக் கொடுத்தால் அந்தச் சுருக்கம் தடைபட்டது. அப்படியானால் இரண்டும் தசையில் உள்ள ஏதோ ஒரு பொருளின் மீதே வேலை செய்கின்றன என்று 1905-ல் அவர் எழுதினார். இன்று நாம் அதை நிகோட்டின் ஏற்பி என்கிறோம்.

இந்த ஏற்பி மனிதருக்கு மட்டும் உரியதில்லை. மீனின் தசையிலும் மூளையிலும் இருக்கிறது. பூச்சியின் நரம்பு மண்டலத்தில் நிறைந்திருக்கிறது. நத்தைக்கும் புழுவுக்கும் உண்டு. விலங்கின் பரிணாமத்தில் வெகு காலத்துக்கு முன்பே தோன்றி, கிளை கிளையாகக் கைமாறி வந்த ஏற்பாடு இது. அதனால்தான் ஒரு துண்டு ஊறிய நீர் ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத இத்தனை உயிர்களை ஒரே சமயத்தில் பாதிக்கிறது.

நிகோட்டினின் போக்கில் இன்னொரு தன்மையும் உண்டு. கொஞ்சமாக வந்தால் ஏற்பியைத் தூண்டிவிடும். நிறைய வந்தால், அல்லது விடாமல் வந்துகொண்டே இருந்தால், ஏற்பி மரத்துப்போகும். நரம்பின் செய்தி தசையை எட்டாது. 2015-ல் மெடாக்கா என்ற ஜப்பானிய அரிசிமீனின் முட்டைகளைத் துண்டு ஊறிய நீரில் வைத்துப் பார்த்த ஆய்வில் இந்த இரட்டைக் குணம் தெளிவாகத் தெரிந்தது. குறைந்த செறிவில் கருவின் இதயம் வேகமாகத் துடித்தது, வளர்ச்சி முந்தியது, நடத்தை மாறியது. அதிகச் செறிவில் துடிப்பு தளர்ந்தது, வளர்ச்சி தடைபட்டது, சாவு கூடியது. குறைந்த அளவில் ஏற்பட்ட வேகத்தை நன்மை என்று எடுத்துக்கொள்ள முடியாது. முட்டைக்குள் ஒவ்வொரு உறுப்பும் தன் நேரத்தில் உருவாக வேண்டும். அந்த நேரத்தை வெளியிலிருந்து வந்த ஒரு பொருள் மாற்றிவிட்டது.

கடல்நீரில் நிலைமை இன்னும் கடினம். கடல்நீர் சற்றே காரத்தன்மை கொண்டது. அந்த நீரில் நிகோட்டின் மூலக்கூறுகளில் ஏறத்தாழப் பாதி மின்னேற்றம் இல்லாத வடிவில் இருக்கும். அந்த வடிவம் செவுளையும் தோலையும் எளிதில் கடந்து உடலுக்குள் போய்விடும்.

புழுவும் நத்தையும் சொன்னது

ஐரோப்பியக் கழிமுகச் சேற்றில் வாழும் ஒரு புழு உண்டு, ராக்வோர்ம் என்பார்கள். உடல் நெடுக இரண்டு ஓரத்திலும் சிறு துடுப்புகள். சேற்றின் மேல் எடுத்து வைத்தால் அது செய்யும் முதல் வேலை, தலையைச் சேற்றில் குத்தி, உடலை அசைத்து அசைத்து உள்ளே இழுத்துக்கொள்வது. கடைசி வால்துண்டும் மறையும்வரை ஆகும் நேரத்தைக் கடிகாரத்தில் குறித்துக்கொள்ளலாம். ஆய்வாளர்களுக்கு இது ஒரு நல்ல அளவுகோல். புழுவுக்கோ உயிர்ப் பிரச்சினை. சேற்றின் மேல் இருக்கும் ஒவ்வொரு நொடியும் கரைப்பறவைக்கும் நண்டுக்கும் அது இரை.

இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இடம்பெற்ற குழு ஒன்று 2015-ல் இந்தப் புழுக்களைப் புகைத்த பில்டர் ஊறிய கடல்நீரில் வைத்தது. நகரத்து மழைநீர் ஓட்டத்தில் காணப்பட்டதாகச் சொல்லப்படும் செறிவைவிட 60 மடங்கு குறைந்த அளவிலேயே விளைவு தெரிந்தது. புழுக்கள் சேற்றில் புக நல்ல நீரில் இருந்தவற்றைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டன. அவற்றின் எடை 30 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. செல்களின் மரபுப்பொருளில் சேதம் இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. பில்டரின் நுண்ணிழைகளைவிட நீரில் கரைந்து வந்த நஞ்சே இதற்குக் காரணம் என்றும் அவர்கள் கண்டார்கள். இந்த முடிவை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இது தேவைப்படும்.

புழு தாமதிப்பதால் அது மட்டும் பாதிக்கப்படுவதில்லை. சேற்றுக்குள் வளை தோண்டி, உடலை அசைத்து நீரை உள்ளே இழுத்து வெளியேற்றுவதன் மூலம் மூச்சுக்காற்று எட்டாத அடிச்சேற்றுக்கு ஆக்சிஜனைக் கொண்டுபோகிறவை இத்தகைய புழுக்கள்தான். மெலிந்து, சோர்ந்து, குறைவாகத் தோண்டும் புழுக்கள் நிறைந்த கழிமுகத்தில் சேறும் நாளடைவில் மாறும்.

அதே ஆண்டு ஆஸ்திரேலியக் கடலோரப் பாறைக் குட்டைகளில் வாழும் மூன்று வகை நத்தைகளை இன்னொரு குழு சோதித்தது. அலை இறங்கும்போது பாறைப் பள்ளங்களில் தேங்கும் அந்தச் சிறு குட்டைகளில் ஒரு துண்டு விழுந்தால், அடுத்த ஏற்றம் வரும்வரை நீர் மாறாது. லிட்டருக்கு ஐந்து துண்டுகள் இரண்டு மணி நேரம் ஊறிய நீரில் எட்டு நாளுக்குள் மூன்று இனங்களும் முழுவதுமாகச் செத்தன. நீர்த்த கரைசல்களில் உயிர் பிழைத்த நத்தைகளின் நடமாட்டம் செறிவுக்குத் தக்கபடி மாறியது. பாறையில் ஊர்ந்து பாசியைச் சுரண்டித் தின்பதே நத்தையின் வாழ்க்கை. ஊர்வது மாறினால் உணவு மாறும். பாறையில் பாசி வளரும் விதமும் மாறும்.

நன்னீருக்கு வருவோம். ஆங்கிலியா ரஸ்கின் பல்கலைக்கழகத்தின் டேனியல் கிரீன் தலைமையில் 2020-ல் வெளியான ஆய்வு, நடத்தை என்ற கேள்வியை நேரடியாக எடுத்துக்கொண்டது. நான்கு உயிரினங்கள்: ஜீப்ரா மட்டி, ஒரு கறுப்புத் தட்டைப்புழு, இரண்டு வகை நன்னீர் நத்தைகள். நான்கு செறிவுகள்: துண்டே இல்லாத நீர், லிட்டருக்கு 0.2 துண்டு, ஒரு துண்டு, ஐந்து துண்டுகள். இரண்டு வகைப் பில்டர்கள்: வழக்கமான பிளாஸ்டிக் பில்டர், மக்கும் என்று சொல்லி விற்கப்படும் சாதாரண செல்லுலோஸ் பில்டர். இரண்டும் புகைக்கப்பட்டவை.

லிட்டருக்கு ஐந்து என்ற அளவில், எந்தப் பில்டராக இருந்தாலும், ஐந்து நாளுக்குள் 60 முதல் 100 சதவீதம் வரை செத்தன. லிட்டருக்கு ஒன்று என்ற அளவில் அவற்றின் இயக்கமே குறைந்தது. துண்டில்லாத நீரிலும் அதைவிட நீர்த்த நீரிலும் இருந்தவற்றோடு ஒப்பிட்டால் அவை மந்தமாகக் கிடந்தன.

மந்தம் என்று ஒரு சொல்லில் சொல்லிவிடுகிறோம். நீருக்கடியில் அதன் பொருள் இனத்துக்கு இனம் வேறு. மட்டிக்கு, ஓடு மூடிக் கிடப்பது. மூடிய மட்டி நஞ்சிலிருந்து தப்பிக்கும். ஆனால் தின்ன முடியாது, மூச்சுவிட முடியாது. நஞ்சு விலகாமல் நாள்கணக்கில் நீடித்தால் அது பட்டினிக்கும் நஞ்சுக்கும் நடுவே ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். தட்டைப்புழு வேட்டைக்காரன்; அதற்கு மந்தம் என்றால் இரையை இழப்பது. நத்தைக்கு, அட்டை நெருங்கி வரும்போது விலகிப் போகாதது. சோதனைத் தொட்டியில் அட்டையும் இல்லை, பசித்த மீனும் இல்லை. அதனால் அங்கே மந்தமான நத்தை பிழைத்துக்கொள்கிறது. குளத்தில் அப்படி இருக்காது.

மீனின் அச்சத்தையும் நிகோட்டின் தொடுகிறது. ஜீப்ரா மீனைப் புதிய தொட்டியில் விட்டால் முதலில் அடிமட்டத்துக்கு ஓடும். சற்று நேரம் அங்கே பதுங்கி, ஆபத்தில்லை என்று தெரிந்த பிறகே மேலே வரும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் லெவின் குழு 2007-ல் செய்த சோதனையில், செறிவான நிகோட்டின் கரைசலில் சில நிமிடங்கள் வைத்தெடுத்த மீன்கள் அடியில் பதுங்கும் நேரம் குறைந்தது. குளத்தில் கரையும் அளவைவிட அந்தச் செறிவு மிகப் பெரியது. ஆயினும் அது ஒன்றைத் தெளிவாக்கியது: மீனைப் பதுங்கச் சொல்லும் மூளைப் பகுதிக்கு நிகோட்டின் போய்ச் சேருகிறது. அந்தப் பதுங்கல்தான் கங்கைச் சமவெளியின் ஓடைகளில் இந்தச் சிறு மீனைக் கொக்கிடமிருந்தும் விரால் மீனிடமிருந்தும் காத்து வந்திருக்கிறது.

தேடி வரும் உயிர்கள்

நஞ்சு என்றால் விலங்கு விலகிப் போகும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். சிகரெட் துண்டு சில உயிர்களைத் தன்னிடம் இழுக்கவும் செய்கிறது.

மலேசியாவில் ஹமாதி டியெங் குழு 2011-ல் வெளியிட்ட ஆய்வு ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசுவைப் பற்றியது. டெங்கியைப் பரப்பும் கொசுக்களில் ஒன்று. தேங்காய்ச் சிரட்டையிலும் பழைய டயரிலும் தேங்கும் நீரில் முட்டையிடுவது. துண்டு போட்ட நீரைத் தாய்க்கொசுக்கள் விரும்பிப் போய் முட்டையிட்டன. அதில் பிறந்த புழுக்கள் செத்தன. எந்த நீர் தன் குஞ்சுக்கு நல்லது என்று காட்டும் மணத்தையும் நிறத்தையும் நம்பித் தாய் முடிவெடுக்கிறது. துண்டு ஊறிய நீர் அந்த அடையாளங்களைப் பொய்யாகக் காட்டிவிடுகிறது. சூழலியலாளர்கள் இதைச் சூழலியல் பொறி என்பார்கள். கொசு சாவதைப் பார்த்து, தேங்கிய நீரில் துண்டைப் போட்டால் நல்லதுதானே என்று யாருக்காவது தோன்றலாம். அதே நீரில் கொசுப்புழுவைத் தின்னும் தும்பிக் குஞ்சும் மீன்குஞ்சும் இருக்கலாம்; அவற்றின் நரம்பிலும் அதே ஏற்பிதான். டெங்கிக்குத் தேங்கிய நீரைக் கொட்டிவிடுவதே வழி.

கரையில் பறவைகளுக்கும் துண்டு அறிமுகமாகிவிட்டது. மெக்சிகோ நகரில் சிட்டுக்குருவிகளும் ஃபிஞ்ச் குருவிகளும் துண்டுகளைப் பொறுக்கி, பஞ்சைப் பிரித்து, கூட்டுக்குள் மெத்தையாக வைக்கின்றன. பஞ்சு அதிகமுள்ள கூடுகளில் ஒட்டுண்ணிப் பூச்சிகள் குறைவாக இருப்பதை 2013-ல் வெளியான ஆய்வு காட்டியது. பின்னர் அதே ஆய்வாளர்கள், அந்தக் கூடுகளில் வளரும் குஞ்சுகளின் ரத்தச் செல்களில் மரபுச் சேதம் கூடியிருப்பதையும் கண்டார்கள். நன்மையும் தீமையும் ஒரே பஞ்சில். 2019-ல் அமெரிக்காவின் புளோரிடா கடற்கரையில் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படம் உலகெங்கும் பரவியது. கறுப்பு ஸ்கிம்மர் என்ற கடற்பறவை தன் குஞ்சுக்கு இரை ஊட்ட அலகை நீட்டுகிறது; அலகில் இருப்பது ஒரு சிகரெட் துண்டு. மீனைப் போல வெளிர்நிறமாக, மீனைப் போல நீளமாக எது கிடந்தாலும் எடுத்து ஊட்டு என்பது அந்தப் பறவை இனத்தைக் காப்பாற்றி வந்த நடத்தை. தாயின் அக்கறையில் குறை ஒன்றுமில்லை. கடற்கரையில் அந்த வடிவத்தில் இதுவரை இல்லாத ஒரு பொருளை நாம் கொண்டுவந்து போட்டுவிட்டோம்.

பில்டர் எதற்காக வந்தது

இவ்வளவு தீங்குக்கும் ஈடாக இந்தப் பஞ்சு மனிதருக்கு ஏதாவது நன்மை செய்கிறதா என்று கேட்பது நியாயம். 1950-ல் பிரிட்டனில் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்டு ஹில் இருவரும், அமெரிக்காவில் எர்ன்ஸ்ட் வைண்டர், எவர்ட்ஸ் கிரகாம் இருவரும் புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை வெளியிட்டார்கள். மக்களிடம் அச்சம் பரவியது. அந்த அச்சத்துக்குச் சிகரெட் நிறுவனங்கள் கொடுத்த பதில்தான் பில்டர். அமெரிக்கச் சந்தையில் அதுவரை மிகச் சிறிய பங்கே இருந்த பில்டர் சிகரெட், 1950-கள் முடிவதற்குள் ஏறத்தாழப் பாதிச் சந்தையைப் பிடித்தது. புகை பட்டதும் நிறம் மாறும் பொருளைப் பில்டரில் சேர்த்தால், அது வடிகட்டும் திறனைக் கூட்டாவிட்டாலும் விற்பனைக்கு உதவும் என்று 1953-லேயே ஒரு சிகரெட் நிறுவனத்தின் வேதியியலாளர் தன் குறிப்பில் எழுதியிருந்தார். பழுப்பேறிய பஞ்சைப் பார்க்கும் புகைப்பவர், தனக்குள் போக வேண்டிய அழுக்கு அதில் நின்றுவிட்டதாக நம்புகிறார்.

அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி 2014-ல் வெளியிட்ட அறிக்கை, காற்றோட்டத் துளையுள்ள பில்டர் போன்ற வடிவமைப்பு மாற்றங்கள் ஒருவகை நுரையீரல் புற்றுநோயைக் கூட்டியிருக்கக்கூடும் என்றே சொன்னது. புகை இதமாக இருப்பதால் ஆழமாக இழுக்கிறார்கள். துகள்கள் நுரையீரலின் கடைக்கோடிவரை போகின்றன. புகைப்பவரைக் காப்பாற்றாத ஒரு பொருள், புகைக்காத மட்டிக்கும் புழுவுக்கும் மீனுக்கும் நஞ்சைக் கொண்டுசேர்க்கிறது.

பிளாஸ்டிக் பில்டருக்குப் பதிலாக மக்கும் பில்டர் வரட்டும் என்ற யோசனை இங்கேதான் இடறுகிறது. மக்கும் பஞ்சு சில மாதங்களில் மறையலாம். ஆனால் வெளியேறக்கூடிய நிகோட்டினில் பாதி முதல் அரைமணி நேரத்திலேயே வெளியே வந்துவிடுகிறது. ராக்வோர்ம் ஆய்வு சொன்னதும் அதுதான்: கரைந்த நஞ்சே முதல் குற்றவாளி. 2020 ஆய்வில் மக்கும் பில்டர் ஊறிய நீரிலும் நத்தைகள் மந்தமாயின, செத்தன. மக்கும் என்ற முத்திரை இருந்தால், எறிவதில் தப்பில்லை என்று எறிபவருக்குத் தோன்றும். அது நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

எங்கே தொடங்குவது

ஐரோப்பிய ஒன்றியம் 2019-ல் கொண்டுவந்த ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக் சட்டத்தில் சிகரெட் பில்டரையும் சேர்த்தது. பெட்டியின்மேல் பிளாஸ்டிக் இருப்பதை அச்சிட வேண்டும்; துண்டுகளைப் பொறுக்கும் செலவை உற்பத்தியாளர் ஏற்க வேண்டும். 2024 பிப்ரவரியில் பனாமாவில் கூடிய உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை மாநாடும் பில்டர் பற்றிய ஒழுங்குமுறைகளை நாடுகள் ஆராய வேண்டும் என்றது. இந்தியாவும் அந்த உடன்படிக்கையில் இருக்கிறது. இங்கே 2022 ஜூலை 1 முதல் தடைசெய்யப்பட்ட ஒருமுறைப் பிளாஸ்டிக் பொருள்களின் பட்டியலில் சிகரெட் பெட்டியைச் சுற்றும் பிளாஸ்டிக் தாள் இருக்கிறது. பெட்டிக்குள் ஒவ்வொரு சிகரெட்டின் முனையிலும் இருக்கும் பிளாஸ்டிக் அந்தப் பட்டியலில் இல்லை. அதைச் சேர்ப்பதற்குப் புது அறிவியல் எதுவும் தேவையில்லை. இருக்கிற அறிவியலே போதும்.

நீரின் தரத்தை அளக்கும் முறையிலும் ஒரு மாற்றம் வேண்டும். வேதிப்பொருளின் அளவையும் செத்த மீனின் எண்ணிக்கையையும் எழுதும் படிவத்தில், உயிரோடிருக்கும் விலங்கு என்ன செய்கிறது என்ற கேள்விக்கும் ஒரு கட்டம் வேண்டும். மட்டி திறந்திருக்கிறதா, புழு எவ்வளவு நேரத்தில் மண்ணுக்குள் போகிறது, நத்தை ஊர்கிறதா என்பவற்றைக் கல்லூரி ஆய்வுக்கூடத்திலேயே ஒரு தட்டும் கடிகாரமும் வைத்து அளந்துவிடலாம்.

புகைப்பழக்கத்தை விடுவது கடினம். அதற்கு மருத்துவ உதவியும் காலமும் வேண்டும். ஆனால் கையிலுள்ள துண்டை மிதித்து வடிகாலோரம் தள்ளாமல், ஒரு சிறு தகர டப்பாவில் போட்டு மூடிக் குப்பைத் தொட்டிக்குக் கொண்டுபோவது இன்றைக்கே முடியும். கடைக்காரர் வாசலில் மணல் நிரப்பிய ஒரு சட்டி வைக்கலாம்; உள்ளாட்சி அமைப்பு மழைக்காலம் தொடங்குமுன் வடிகால் வாய்களில் கம்பிவலை போடலாம். ஒரு துண்டு ஆயிரம் லிட்டர் நீரைக் கெடுக்கும் என்றால், நீரில் விழாமல் தடுக்கப்படும் ஒவ்வொரு துண்டும் அதே ஆயிரம் லிட்டரைக் காப்பாற்றுகிறது. குப்பையைக் குறைப்பதில் இவ்வளவு சிறிய உழைப்புக்கு இவ்வளவு பெரிய பலன் தரும் இடம் வேறு அதிகம் இல்லை.